முந்தி வந்த பனி

சிறார்க்கென எழுதப்பெறும் நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் நடையையும் அவை புகட்டும் நீதியையுமே நோக்குவர். அந்நூல்கள் எவற்றைச் சொல்லாமல் விட்டன என்று வினவுவோர் சிலரே. லாரா இங்கல்ஸ் வைல்டர் என்னும் அமெரிக்க அம்மையார் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நெடிய குளிர்காலம்' என்னும் கதைநூல் அவ்வினாவை எழுப்புதற்கு மிகவும் ஏற்றது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் திங்களின் நடுவில், இலையுதிர் காலம் பாதிகூடக் கழியாத நிலையில், அந்நாட்டின் தகோத்தாப் பகுதியில் பெரும் பனிப்புயல் வீசியது. டி ஸ்மெட் என்னும் புதிய சிற்றூரை அடுத்த புல்வெளியில், தார்த்தாள் ஒட்டிய சிறு குடிலில் இருந்த ஒரு குடும்பம் அதில் அகப்பட்டது. அடுத்த ஆண்டு மே திங்கள் வரையில் அக்குடும்பம் பட்ட பாடே நூற்பொருள்.

தந்தை சார்லஸ்; தாய் கரோலின்; பெண்மக்கள் நால்வர். மூத்தவளாகிய மேரிக்கு வயது 15. அவள் 1879இல் கண்ணொளி இழந்தவள். அடுத்தவள் 13 வயது லாரா; பின்னாளில் நூலாசிரியரானவர் இவரே. கேரிக்கு 10 வயது, கடைக்குட்டி கிரேசுக்கு 3.

நூலின் தொடக்கப் பகுதியே அதன் சிறந்த பகுதி என்று துணிந்து கூறலாம். உலர்புல் சேர்க்கும் வேலையில் லாரா தந்தைக்குத் துணை நிற்கிறாள். நீரெலி கட்டிய வளையின் சுவர் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருப்பதைத் தந்தை காட்டுகிறார். பறவைகள் ஏரியில் தங்காமல் உயரப் பறந்து தெற்கே விரைகின்றன. உறைபனி விழுந்து தோட்டம் கருகவே, தாய் பழுக்காத பூசணிக்காயைக் கொண்டு பண்ணியம் செய்து வீட்டாரை மகிழ்விக்கிறாள். பின் ஒருநாள் காலையில் லாரா விழித்தபோது வெளியே புயல் ஊளையிடுகிறது. உள்ளே தந்தை களிப்பான பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருக்கிறார். இடர் நேரும்போது அவர் பாடும் பாட்டு அது என்பதை மகள் அறிவாள்! பெற்றோர் அச்சத்தை மறைக்கும் முறையும், மறைத்த அதனைப் பிள்ளைகள் கண்டுகொள்ளும் முறையும் இந்த ஒரு பாட்டிலேயே அடங்கிவிடுகின்றன. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் தெய்வத்தையும் விலங்கையும் கள்வரையும் அரசனையும் கூறினார்; பனியைக் கூறினாரல்லர். அவர் கண்ட நாட்டில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

புயல் ஓய்ந்த பின்னர் வரும் காட்சியோ உள்ளத்தை விட்டு நீங்குவதன்று. வெயில் பளிச்சென்று அடிக்கிறது; புற்போர்களின் அருகே மாடுகள் தலை கவிழ்ந்து அசையாமல் நிற்கின்றன. அவற்றின் மூச்சே உறைந்து, கண்ணையும் மூக்கையும் பனிக்கட்டியாய் மூடிவிட்டது. தந்தை ஒவ்வொன்றாக அணுகி அக்கட்டியை உடைத்து விடுவிக்கிறார். வழிதவறி வந்த சிறு பறவை ஒன்றையும் வீட்டுக்குக் கொணர்ந்து, பெட்டியில் வைத்துக் காத்து, பின் ஏரியில் விடுகின்றனர். அச்சத்தைக் குறித்து ஒரு சொற்பொழிவும் இல்லை. எழுத்துத்திறன் என்பது இதுவே.

இந்நூலைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புல்நுனியில் நிற்கும் துளிக்கும், இரவில் பயிரைக் கருக்கும் உறைவுக்கும், வானினின்று பஞ்சுபோல் விழுவதற்கும் தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல் வழங்கி வருகிறது. உறைபனி, வெண்பனி, பனிப்புயல் என அடைகொடுத்துப் பிரித்தாலன்றி, தோட்டம் கருகிய இரவும் குடில் நடுங்கிய காலையும் வாசகர்க்கு ஒன்றாகவே தோன்றும்.

புயலுக்கு அஞ்சிய குடும்பம் ஊருக்குள் பெயர்கிறது. புகைவண்டி நின்றுபோகவே நிலக்கரியும் மாவும் மண்ணெண்ணெயும் தீர்கின்றன. உலர்புல்லை முறுக்கி எரிக்கின்றனர். காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறியில் கோதுமையை மாறிமாறி அரைக்கின்றனர். கண்ணிழந்த மேரியும் அரைக்கிறாள். தந்தையின் விரல்கள் விறைத்துப் பிடில் வாசிக்க இயலாமற் போகிறது. இப்பகுதியில் ஒரே செயல் பன்முறை திரும்ப வருவதைக் குறை என்பர் சிலர். குறையன்று, குளிரும் பசியும் அவ்வாறுதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

குறை வேறிடத்தில் உள்ளது. வைல்டர் அம்மையார் முதியோர்க்கென முன்னரே எழுதி அச்சேறாதிருந்த தன்வரலாறு 2014ஆம் ஆண்டில் விரிவான குறிப்புகளுடன் வெளிவந்தது. அக்குளிர்காலத்தில் இங்கல்ஸ் குடும்பத்தார் தனியே இருக்கவில்லை என்பதும், மாஸ்டர்ஸ் என்னும் இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தனர் என்பதும் அதனால் தெளிவாகின்றன. உண்மையில் அவ்வீட்டில் இருந்த உயிர்கள் ஒன்பது, கதையிலோ ஆறு. அக்கணவன் வேலைக்கு முன்வராமல் உண்ண மட்டும் முந்தினான் என்பதே அம்மையாரின் மனக்குறை.

கலைஞர் வாழ்வை அவ்வாறே படியெடுக்க வேண்டுவதில்லை. மூவரை நீக்கியதால் கதைக்குக் கட்டுக்கோப்பு வந்தது என்பது மெய். ஆயினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இல்லறத்தின் பயன் விருந்தோம்பல் என்று பயின்றவர்க்கு, விரும்பாத விருந்தினரோடு கைப்பிடி மாவைப் பகிர்ந்துகொண்ட வீடு, தானே உண்டு தானே தாங்கிய வீட்டைவிடப் பெரிய பொருளாகத் தோன்றும். குழந்தைகளின் துன்பத்தைக் கூறவந்த நூலில், துன்பத்தைச் சொல்லவும் அறியாத குழந்தையே இல்லாமற் போயிற்று!

இந்நீக்கத்துக்குக் கட்டுக்கோப்பு மட்டும் காரணமன்று போலும். நூலை ஒழுங்கு செய்வதில் பெரும்பங்கு கொண்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், தனிமனித உரிமையை வற்புறுத்தி 1943இல் ஒரு நூல் எழுதியவர். நீரெலி வளையைக் காட்டித் தந்தை கூறும் மொழிகளிலும், மனிதன் தன்னைத் தானே காத்துக்கொள்ளவேண்டும் என்னும் அக்கொள்கையே தொனிக்கிறது. ஆனால் கதையே அதனை மறுக்கிறது. அண்டைவீட்டு இளைஞன் அல்மான்சோ விதைக்கோதுமையைச் சுவருக்குள் மறைத்து வைத்திருக்கிறான். அறையின் நீளம் குறைந்திருப்பதைக் கண்டு தந்தை அதனை வெளிப்படுத்தி, பிள்ளைகளின் பசிக்காகப் பெற்றுச் செல்கிறார். பின்னர் அவ்விளைஞனும் அவன் தோழனும் உயிரைப் பணயம் வைத்துப் பனிவெளி கடந்து கோதுமை கொணர்ந்து ஊரையே காக்கின்றனர். கொள்கையைவிடக் கதை நேர்மையானது.

மற்றொரு மாசும் உண்டு. ஏழு திங்கள் பனிப்புயல் வரும் என்று முன்னறிந்து ஊராரை எச்சரிப்பவர் அம்மண்ணின் பழங்குடி முதியவர். அனைவரினும் அறிந்தவரான அவரைக் கொச்சை மொழியில் பேசவைத்தது நூலாசிரியர் காலத்து வெள்ளையரின் பார்வை. வைல்டர் நூல்களில் பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் சித்திரிக்கப்பட்ட முறையை எண்ணியே, அம்மையார் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை அமெரிக்க நூலகத்தார் 2018இல் மாற்றினர். நூலை ஒதுக்க அது காரணமாகாது. ஆசிரியர் வகுப்பில் அவ்விடத்தை விளக்காமல் கடந்து செல்லவும் கூடாது.

முழுநூலையும் பயிற்ற நேரமில்லாத ஆசிரியர்க்கு, அக்டோபர் புயலையும் அதனை அடுத்து வரும் தெளிந்த நாளையும் கூறும் இயல்களே போதும். 2014இல் வெளிவந்த தன்வரலாற்றில் அக்குளிர்காலத்தைக் கூறும் பகுதியையும் ஆசிரியர் முன்னதாகப் படித்துக்கொள்வது நல்லது. அந்த வீட்டில் வேறு யார் இருந்தனர் என்று மாணவர் எவரேனும் கேட்டால் அப்போது விடை கூற இயலும்.