நூடுல்ஸும் ‘வதக்கவும்’ என்ற வினைச்சொல்லும்

தமிழில் வரும் சிக்கன் நூடுல்ஸ் செய்முறைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரிகை இணைப்பிதழ், காணொளிக்குக் கீழே போடும் குறிப்பு, பாக்கெட்டின் பின்பக்கம், எதையும் விடவில்லை. சுற்றிச் சுற்றி ஒரே வாக்கியம்தான் வருகிறது: காரட், கோஸ், குடைமிளகாய் சேர்த்து நன்றாக வதக்கவும். தலைப்பில் ‘பத்தே நிமிடத்தில்’ என்று இருக்கும். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. நிமிடக் கணக்கைவிட அந்த வினைச்சொல் செய்யும் கெடுதல் பெரிது.

வதக்குவது என்றால் வதங்க வைப்பது. பறித்துப் போட்ட கீரை வெயிலில் வதங்கும். வெங்காயத்தையும் தக்காளியையும் மிதமான தீயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே வரவழைத்து, அது சுண்டி எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக விடுவோம். குழம்புக்கும் தொக்குக்கும் அதுதான் அஸ்திவாரம். ஆனால் நூடுல்ஸில் போடும் காய் வதங்கவே கூடாது. கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும், ஓரம் மட்டும் லேசாகக் கருகியிருக்க வேண்டும். ஆக, செய்முறை தன் வினைச்சொல்லாலேயே எதிர்த்திசையில் கை காட்டுகிறது. சொன்னபடி ‘நன்றாக வதக்கி’, சொதசொதவென்று வந்ததும், ‘கடைக்காரன் அஜினோமோட்டோ போடுறான், அதான் அந்த ருசி’ என்று முடித்துவிடுகிறோம். அஜினோமோட்டோ உமாமிச் சுவையைக் கூட்டும், அவ்வளவுதான். காயை நறுக்கென்று வைக்க அதனால் ஆகாது.

இந்த வேலைக்குச் சீனத்தில் ஒரே சொல். சௌ மெய்ன் என்பதில் வருகிற ‘சௌ’. மெய்ன் என்றால் கோதுமை மாவுப் பண்டம், நூடுல்ஸ். ‘சௌ’வின் எழுத்தில் இடப்பக்கம் நெருப்பு, வலப்பக்கம் ‘கொஞ்சம்’. கொஞ்ச நேரம் நெருப்பு என்று அர்த்தம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. வலப்பக்கம் ஒலிக்காக வந்தது என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் பூவெய் யாங் சாவ். (இவர் பெயரில் இருக்கும் சாவ் வேறு எழுத்து, வேறு சொல்.) தோக்கியோவில் மருத்துவம் படித்த டாக்டர். அங்கே சாப்பாடு பிடிக்காமல் தானே சமைத்துப் பழகியவர். 1945-இல் ‘ஹவ் டு குக் அண்ட் ஈட் இன் சைனீஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். எழுதினார் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் சீனத்தில் சொல்ல, மகள் ருலான் ஆங்கிலத்தில் எழுத, கணவர் யுவன் ரென் சாவ் அந்த ஆங்கிலம் சப்பென்று இருக்கிறது என்று கை வைத்த கதையை முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். கணவர் சாதாரண ஆள் இல்லை. பெரிய மொழியியலாளர், ஆலிஸின் அற்புத உலகத்தைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய நாவலாசிரியை பேர்ல் பக், இந்த அம்மாவுக்கு நோபல் அமைதிப் பரிசையே கொடுக்கலாம் என்கிறார். ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற சொல் இந்தப் புத்தகத்திலிருந்துதான் ஆங்கிலத்தில் பரவியது.

சொல்லைக் கொடுப்பதற்கு முன் அவர் செய்வதுதான் எனக்கு முக்கியம். ‘சௌ’வை அப்படியே மொழிபெயர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டு, அதன் அங்கங்களைப் பிரித்து வைக்கிறார். தீ பெரிதாக இருக்க வேண்டும். எண்ணெய் குறைவு. கை நிற்காமல் கிளற வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும். எல்லாம் முன்பே வெட்டியிருக்க வேண்டும். சேர்க்கும் சுவைப்பொருள் ஈரமாக இருக்க வேண்டும். ஆறு நிபந்தனைகள். பிறகு, இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் சொல்ல முடியாதென்று, சுருக்கமாகக் ‘கிளறிப் பொரி’ என்கிற மாதிரி ஒரு பெயரை வைத்துவிடுகிறார்.

என் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. ஆறு அளவுருக்கள் கேட்கும் ஒரு ஃபங்ஷனுக்கு அதில் இரண்டை மட்டும் சொல்லும் பெயரை வைப்போம். எழுதியவருக்கு ஆறும் நினைவிருக்கும். அடுத்து வருகிறவர் பெயரை மட்டும் பார்த்துக் கூப்பிடுவார். ‘ஸ்டிர் ஃப்ரை’க்கும் இதேதான் ஆயிற்று. கிளறலும் பொரித்தலும் பெயரில் தங்கின. ‘சீக்கிரம்’ விளம்பரத்துக்கு உதவியதால் அதுவும் பிழைத்தது. பெரிய தீயும் முன்பே வெட்டுவதும் தொலைந்துபோயின. மொழியியலாளர் வீட்டிலிருந்து வந்த சொல்லுக்கு இந்தக் கதி என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

போதாததற்குக் ‘கிளறு’ என்பதே வீட்டு அடுப்பில் பாதிதான் சரி. இதைத் தெளிவாகச் சொன்னவர் கிரேஸ் யங். ‘தி பிரெத் ஆஃப் எ வோக்’ (2004), ‘ஸ்டிர்-ஃப்ரையிங் டு தி ஸ்கைஸ் எட்ஜ்’ (2010) இரண்டும் அவருடையவை. முதல் புத்தகத்தின் தலைப்பு, காண்டனீஸ்காரர்கள் ‘வோக் ஹெய்’ என்று சொல்லும் அந்தப் புகைவாசனைக்கு அவர் வைத்த ஆங்கிலம்: சட்டியின் மூச்சு. தலைப்பில் கவிதை இருந்தாலும் உள்ளே எல்லாம் கறாரான விதிகள். காய ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். காய்ந்த சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒன்றிரண்டு வினாடியில் மறைய வேண்டும், அதன் பிறகுதான் எண்ணெய். கறித்துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, கிளறாமல், ஒரு நிமிடம் சும்மா விட வேண்டும். மாட்டிறைச்சி என்றால் ஒரு தடவைக்கு முக்கால் பவுண்டுக்கு, அதாவது 340 கிராமுக்கு மேல் போடக் கூடாது. எழுத்தழகில் பூவெய்க்கு நிகர் இல்லை. ஆனால் வீட்டில் நின்று செய்கிறவருக்கு யங்தான் நேர்மையான துணை.

ஏன் இத்தனை கறார்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க 226 கிலோஜூல் வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் 3 கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சட்டிக்குப் போனால் 2 கிலோவாட். அப்படியென்றால் அந்த 100 கிராமை விரட்ட ஏறக்குறைய 2 நிமிடம். கழுவி அப்படியே போட்ட கோஸும், வடிகட்டியிலிருந்து சொட்டச் சொட்டக் கவிழ்த்த நூடுல்ஸும் இந்த 100 கிராமைச் சுலபமாகக் கொண்டுவந்துவிடும். தண்ணீர் இருக்கும்வரை காயைச் சுற்றிச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பது, மணப்பதெல்லாம் அதற்கு மேலே நடக்கும் சங்கதி. காய் சட்டிக்குள்ளேயே அவிகிறது. சீன உணவகத்து அடுப்பு 1,00,000 பி.டி.யு. அளவில் எரியக்கூடியது, 29 கிலோவாட். வெப்பம் நிறைய வீணாகப் போனாலும், அந்தத் தீ தண்ணீரை மன்னித்துவிடும். நம் அடுப்பு மன்னிக்காது.

கெஞ்சி லோபெஸ்-ஆல்ட்டின் ‘தி வோக்’ (2022) இந்த இடைவெளியை ஒரு பொறியாளனைப் போலவே தாண்டப் பார்க்கிறது. எம்.ஐ.டி.யில் படித்தவர் அல்லவா. வோக் ஹெய் வாசனைக்காகச் சட்டிக்குள் இருப்பதன் மேல் கேஸ் டார்ச்சைக் காட்டச் சொல்கிறார். வேலை செய்யும், ரசித்துப் படித்தேன். ஆனால் அதே புத்தகம் அமைதியாகச் சொல்லும் இன்னொரு விஷயம்தான் பெரிது: கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்ப்பது. டார்ச் கண்ணை இழுக்கிறது, பிரித்துப் போடுவது பக்கத்தில் பாவமாக நிற்கிறது. பூவெய் புத்தகத்தில் கணவர் எழுதிய முட்டைச் செய்முறை ஒன்று உண்டு. ஆறு முட்டை எடுக்கச் சொல்லி, தான் ஒரே தடவையில் செய்து பார்த்த உச்சம் அவ்வளவுதான் என்று காரணமும் சொல்வார். அது நகைச்சுவைதான். இருந்தாலும் கொள்ளளவை ஒப்புக்கொள்ளும் செய்முறை என்று நான் அதற்கு மதிப்பெண் போடுவேன்.

‘பத்து நிமிடம்’ விஷயத்துக்கு வருகிறேன். தெருவோர ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் மாஸ்டர் மூன்று நிமிடத்தில் தட்டை நீட்டுகிறார் என்பது உண்மை. வண்டியின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். எண்ணெய் தடவி ஆற வைத்த நூடுல்ஸ் ஒரு அன்னக்கூடை, மயிரிழையாக அரிந்த கோஸ் ஒரு பேசின், முன்பே பொரித்த சிக்கன் ஒரு தட்டு. சாயங்காலம் நாலு மணியிலிருந்து யாரோ உட்கார்ந்து செய்த வேலை அது. மூன்று நிமிடம் என்பது அடுப்பின் நேரம். கத்தியின் நேரத்தை எந்தச் செய்முறையும் கணக்கில் எழுதுவதில்லை. வீட்டில் அது பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதும் எழுதப்படுவதில்லை.

இத்தனைக்கும் இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. கடுகு வெடித்த பிறகு கறிவேப்பிலையைத் தேடிப் போகிறவர் யாரும் இல்லை. தாளிப்பு முழுக்க அதே இலக்கணம்தான்: எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், எண்ணெய் நன்றாகக் காய்ந்து, சில வினாடியில் முடிந்துவிடும். பல ஊர்களில் வாணலிக்கே சீனச்சட்டி என்றுதான் பெயர். சட்டி இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. சொல்லை மட்டும் குழம்பிலிருந்து கடன் வாங்கிவிட்டோம். என்னைக் கேட்டால் ‘புரட்டு’ என்பேன். புரட்டுவதற்கு ஒரு பக்கம் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு பேருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். 150 கிராம் நூடுல்ஸை முக்கால் பதம் வேகவைத்து, அலசி, வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி ஈரம் போக ஆற விடவும். 200 கிராம் எலும்பில்லாத சிக்கனை மெல்லிய துண்டாக்கி, சோயா சாஸ், ஒரு ஸ்பூன் சோள மாவு, துளி எண்ணெயில் பிசறி வைக்கவும். காய் 150 கிராம், துடைத்து நீளவாக்கில் அரிந்தது. பூண்டு, இஞ்சி, சாஸ் எல்லாம் கிண்ணங்களில். இதுவரை அடுப்பு பற்றவைக்கவில்லை, அரை மணி நேரம் ஆகியிருக்கும். இனி முழுத் தீ. சட்டி புகையத் தொடங்கியதும் எண்ணெய், சிக்கனைப் பரப்பி ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, புரட்டி, வெந்ததும் எடுத்துவிடவும். மறுபடி சட்டி காய வேண்டும். பூண்டு, இஞ்சி, உடனே காய், ஒரு நிமிடம், அதையும் எடுத்துவிடவும். மறுபடி காய்ந்ததும் நூடுல்ஸைப் போட்டு, அடியில் கொஞ்சம் பிடிக்கும்வரை விட்டுப் புரட்டி, எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து, சாஸைச் சட்டியின் ஓரமாக ஊற்றி இறக்கவும். நாலு பேருக்கு வேண்டுமென்றால் அளவை இரட்டிப்பாக்காமல், சட்டியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை செய்யவும்.