தோள் தந்த ஒளி

இறுதிக் காலத்துத் துன்பம் ஆன்மாவைப் புடம்போடும் நெருப்பு என்பர். துடிப்பது ஒருவர் உடல். அதற்குப் பொருள் கூறுவதோ மற்றொருவர் வாய்! இக்கருத்துக்குச் சான்றாகச் சிலர் எடுத்துக்காட்டும் ஏடு, உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்'.

இவான் ஒரு நீதிபதி. புது வீட்டில் திரைச்சீலை அமைக்கும்போது தவறி விழுந்து விலாவில் அடிபடுகிறான். பின்னர்த் தீராத வலி. மருத்துவர்கள் நோயை ஆய்கின்றனர், மனிதனை மறக்கின்றனர். சாவு நெருங்குவதை அறிந்தும் சுற்றத்தார் பொய்யுரைக்கின்றனர். மூன்று நாள் ஓயாத அலறல். முடிவில், சாவு இருந்த இடத்தில் ஒளி!

"கண்டீரா, துன்பம் தந்த பரிசை!" என்கின்றனர் அவர்கள். ஒளியைத் தந்தது வலிதானா? நாம் கேட்கிறோம்.

ஏட்டை ஊன்றிப் படித்தால் விடை கிடைக்கும். உழவர் குடியில் பிறந்த ஏவலாளன் கெராசிம், இவானின் கால்களைத் தன் தோள்மீது தாங்கி இரவெல்லாம் அமர்கிறான். வலி தணிகிறது. அந்த வீட்டில் பொய் பேசாதவன் அவன். 'என் வாழ்வே தவறாக இருந்தால்?' என்ற வினா இவானுக்கு எழுவது எப்போது? ஓரிரவு, கெராசிமின் தூக்கம் தோய்ந்த நல்முகத்தை நோக்கும்போது! அலறல் தொடங்கு முன்னரே அவ்வினா பிறந்துவிட்டது. ஒளி தோன்றுவதோ, சிறுவனாகிய மகன் தந்தையின் கையைப் பற்றி முத்தமிட்டு அழும் கணத்தில்!

ஆகவே, கதைக்குள்ளேயே சான்று இருக்கிறது. இவானை மாற்றியது வலியன்று. வலியிலும் அவனைக் கைவிடாத மனிதர்.

இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறித்துவப் பற்றாளர். எனினும், வலியைப் புனிதமென்று போற்றி வாளாவிருந்தாரல்லர். வலி மீண்டு தலைதூக்கு முன்னரே, மார்பினை வேளை தவறாது அளிக்கும் முறையைப் பரப்பினார். நம் நாட்டிலோ, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அம்மருந்து நோயாளிக்கு எட்டாக்கனியாயிற்று. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பின்னரும், மருந்து எட்டாது துடிப்போர் பலர்.

துன்பத்தில் பொருள் காணும் உரிமை துன்புறுவோருக்கு மட்டுமே உண்டு. அருகிருப்போருக்கு உள்ளது உரிமையன்று, கடமை. முதலில் வலியைத் தணிப்போம், உண்மையை உரைப்போம், தோள் கொடுப்போம். பொருளை, அமைதியாக அவரே தேடிக்கொள்ளட்டும்!