சித்தன்னவாசற் பொய்கையும் திருமயிலை விழாக்களும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் மலையின்கண் ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகை ஒன்று உண்டு. அதனுள் வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் 17 உள்ளன. எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி ஈதன் என்பானுக்குச் சிறுபொசில் இளையர் இருக்கை அமைத்த செய்தி, கி.மு. முதல் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் பிராமி எழுத்தில் ஆண்டுப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. உண்டியைத் துறந்து உடம்பை நீக்கும் சல்லேகனை முதலிய கடுந்தவங்களுக்குரிய சமண முனிவர் உறையுள் அது. அம்மலையின் மேல்பாலில் அறிவர் கோயில் என்னும் குடைவரை இருக்கின்றது. அதன் விதானத்தில் தாமரையும் ஆம்பலும் அடர்ந்த பொய்கையும், அதனுள் மீனும் அன்னமும் யானையும், மலர் கொய்து நிற்கும் ஆடவரும் வண்ணத்தால் எழுதப்பட்டுள்ளனர். உடம்பை வெறுத்தோர் மலையில் பருவத்தின் செழிப்பு இங்ஙனம் பூத்து நிற்பது வியப்பே. இவ்வியப்பினின்று ஒரு வினா எழும். காலம் கொண்டுவரும் அழகை உயிர் என்செய்வது? துறப்பதோ, தொழுவதோ, அன்றி வேறொரு நெறி உண்டோ?

இவ்வினாவிற்கு விடை காணாமையாற் பருவ விழாக்களைப் பற்றி இக்காலத்தார் இருதிறப்படப் பிழைத்துக் கூறுகின்றனர். ஒருசாரார், விளக்கீடு, ஆதிரை, பூசம், கடலாட்டு என்பன எல்லாம் மழையையும் வெயிலையும் விளைவையும் தொழுத பழங்குடியினர் கொண்டாட்டங்களே என்றும், சைவம் பின்வந்து அவற்றின்மேல் தன் பெயரை எழுதிக்கொண்டது என்றும் உரைப்பர். மற்றொருசாரார் சைவருள்ளேயே இருந்துகொண்டு, விழா என்பது கல்லாதார்க்கு உரியது, ஞானநூல் உணர்ந்தார்க்கு அது வேண்டப்படுவதன்று என்பர். இவ்விரு கூற்றும் முறையே ஆராயப்படும்.

முன்னையோர் கூற்றில் உண்மை ஒரு கூறு உண்டு. இவ்விழாக்களின் பழமை மறுக்கப்படுவதன்று. மதுரைக்காஞ்சி ஓணநாளைக் கூறுகின்றது. பரிபாடல் ஆதிரையையும் தைந்நீராடலையும் கூறுகின்றது. அகநானூறு கார்த்திகை விளக்கைக் கூறுகின்றது. மேலைநாட்டிலும் கிறித்தவத்திற்கு முற்பட்ட வழிபாடுகளைப் புதுப்பிக்க விரும்புவோர் உளர். கதிரவன் வடக்கும் தெற்கும் திரும்பும் நாள் இரண்டு, பகலும் இரவும் ஒத்த நாள் இரண்டு, இவற்றின் இடைப்பட்ட நாள் நான்கு என ஆண்டிற்கு எட்டு விழாக்களை அவர்கள் கொண்டாடுகின்றனர். தனித்தனியே பழமையுடையன சில அவற்றுள் இருப்பினும், எட்டும் ஒரு சக்கரமாகக் கோக்கப்பட்டது 1950-களில் இங்கிலாந்தில் என்பது வரலாறு. அறுந்த மாலையை மீளக் கட்டும் முயற்சி அது. அக்கண்கொண்டு தமிழ்நாட்டை நோக்குவார்க்கு ஈண்டுள்ள விழாக்களும் அத்தகையனவாகத் தோன்றுகின்றன.

அற்றேல், இவையும் பருவத்தையே பற்றி நிற்பன ஆகாவோ எனின், ஆகா. என்னை? மேலைநாட்டு எட்டு விழாக்களும் கதிரவன் நிலையையே பற்றியன. தமிழர் விழாக்களோ மதியும் நாண்மீனும் கூடும் கூட்டத்தைப் பற்றியன. முழுமதி அறுமீனைச் சேர்ந்த இரவே விளக்கீட்டிற்கு உரியது என்பது அகநானூற்றாலும் பெறப்படும். நாண்மீனை அளவாகக் கொண்ட ஆண்டு, பருவ ஆண்டினும் சிறிது நீண்டது. ஆதலால் ஏறக்குறைய 70 ஆண்டிற்கு ஒரு நாள் வீதம் திங்கள்கள் பருவத்தைவிட்டு விலகிச் செல்லும். கதிரவன் வடக்கே திரும்புவது இப்பொழுது டிசம்பர் 21 அல்லது 22-இல். தைத்திங்கள் பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15-இல். திருஞானசம்பந்தப் பிள்ளையார் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 20 நாள் இவ்வாறு நழுவியுள்ளது. பருவமே விழாவின் உயிராயின், இந்நழுவலுக்கு ஏற்ப விழாநாளும் மாற்றப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு செய்தார் இலர். இன்னும் ஒன்று: நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ள மொரீசியசில் தைத்திங்கள் கடுங்கோடை, ஆயினும் ஆண்டுத் தமிழர் தைப்பூசத்தன்று காவடி எடுக்கின்றனர், அரசினரும் அந்நாளை விடுமுறை நாளாக்கியுள்ளனர். பனியும் அறுவடையும் கடலுக்கு அப்பால் நின்றுவிட, விழா மட்டும் கப்பலேறிச் சென்றது எனின், அதன் உயிர் பனியிலும் அறுவடையிலும் இல்லை என்பது தெளிவு.

பின் யாதில் உள்ளது? அதனை உணர்த்துவது பிள்ளையார் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம். வணிகர் சிவநேசர் தம் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறந்தாளாக, அவள் என்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார் என்பது சேக்கிழார் சுவாமிகள் கூறும் வரலாறு. அக்குடத்தை முன்வைத்துப் பிள்ளையார் பாடியது யாது? உயிரின் நிலையாமையை எடுத்துரைத்தாரல்லர். பிறவி துன்பமென்று தேற்றினாரல்லர். இவற்றைக் காணாதே போதியோ என்று இறந்த பெண்ணையே வினாவுகின்றார். அடியார்க்கு அமுது செய்வித்தலை முதற்கண் வைத்து, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஆறு திங்களை முறையே எண்ணி, அட்டமிநாளும் பொற்றாப்பும் பெருஞ்சாந்தியும் கூட்டி முடிக்கின்றார்.

இம்முறைவைப்பின் கருத்து ஆழ்ந்து நோக்கற்பாலது. சாவினால் உயிர் இழப்பது யாது என்னும் வினாவிற்கு, உறவையோ பொருளையோ இளமையையோ பிள்ளையார் விடையாகக் கூறிற்றிலர். கண் இழந்தது காட்சியை. அக்காட்சி கபாலீச்சரத்தான் விழா. உடம்பு வேண்டப்படுவது அதனைக் காண்டற்பொருட்டே. மீளப் பெறத்தக்கதாவதும் அதன்பொருட்டே. பூசத்தன்று மகளிர் நெய்கலந்த சோற்றைப் படைப்பதும், கடற்கரையில் மக்கள் திரள்வதும் பதிகத்துள் பருவ வருணனையாக நில்லாமல், ஒவ்வொரு பாட்டிலும் இறைவன் அமர்ந்த இடத்தைச் சென்று சேர்கின்றன. பருவம் வழியாகின்றது, இறைவன் ஊராகின்றான். பத்தாம் பாட்டில், இதனைத் தகாதென்பாராகச் சமணரும் சாக்கியரும் சுட்டப்படுகின்றனர். அப்பாட்டளவிலே குடம் உடைந்து பூம்பாவை எழுந்தாள் எனச் சேக்கிழார் அமைத்தது கருத்துடைத்து. உடம்பையும் காலத்தையும் கழிக்கத்தக்க சுமையென்ற கொள்கைக்கு, எழுந்து நின்ற அவ்வுடம்பே விடையாயிற்று என்க.

ஈண்டுச் சித்தன்னவாசலார்க்கு முறை செய்தலும் வேண்டும். அவர்கள் விதானத்துப் பொய்கை வெறும் பருவ அழகன்று. அருகன் அறமுரைக்கும் சமவசரணத்தைச் சூழ்ந்த நிலம் அது என்றும், மலர் கொய்வார் வீடுபேற்றிற்குத் தகுதியுற்ற பவ்வியர் என்றும் ஆராய்ச்சியாளர் விளக்குவர். மழைக்காலம் நான்கு திங்களும் சிற்றுயிர்களை மிதியாவண்ணம் ஓரிடத்திலே தங்குதல் அம்முனிவர்தம் நோன்பு. ஆதலின் அவரும் பருவத்தை அறவே தள்ளினாரல்லர். தம் முடிபிற்கு அதனைப் பணிகொண்டனர். முன்னர் மகேந்திரவர்மன் காலத்ததென எண்ணப்பட்ட அக்குடைவரையை, 815 முதல் 862 வரை ஆண்ட பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுக்கினான் என்பது அங்குள்ள கல்வெட்டால் அறியப்படும். பிள்ளையார் காலத்திற்கு இருநூறாண்டு கழித்தும் அச்சமயத்தார் ஈண்டுத் தம் நெறியில் நின்றனர். வேறுபாடு பருவத்தைக் கொள்வதில் அன்று, அதனால் எய்தும் பயனிலேயே உள்ளது. பொய்கையின் தாமரையைக் கொய்தவர் தம் முயற்சியால் வினை நீங்கச் செல்கின்றனர். மயிலையில் விளக்கேற்றும் பெண்ணின் முன் அருள் தானே எதிர்வருகின்றது.

சித்தாந்தம் இதனைத் தத்துவ முறையில் வைத்து விளக்கும். காலம் என்பது வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று. மாயையிற் றோன்றிய சடம். சடமாதலின் அது தொழப்படும் பொருளாகாது. இதனால் இயற்கையையே தெய்வமென்பார் கூற்று விலக்குண்டது. உயிரின் மலம் பரிபாகம் எய்துதற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவியாதலின், இகழப்படும் பொருளும் ஆகாது. இதனால் விழாவை எள்ளுவார் கூற்றும் விலக்குண்டது.

ஞானிகட்கு விழா எற்றுக்கு என்னும் பின்னையோர்க்கு இன்னும் சில கூறற்பால. சிவஞானபோதத்தின் முடிந்த சூத்திரமாகிய பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கினார்க்கும் ஆலய வழிபாட்டை விதிக்கின்றது. திருவாரூர் ஆதிரை நாளின் சிறப்பை அப்பமூர்த்திகள் திருப்புகலூரில் பிள்ளையார்க்குப் பதிகமாகவே எடுத்துரைத்தார். அவ்விருவரினும் மிக்க ஞானம் உடையார் யாவர்? இனி, 'பேகன்' என மேலைநாட்டார் இகழ்ந்துரைக்கும் சொற்கு மூலமாகிய 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் முதற்பொருள் நாட்டுப்புறத்தான் என்பதே. சித்தன்னவாசலை அடுத்த நார்த்தாமலையில் முத்துமாரியம்மைக்குப் பங்குனி விழா எடுக்கும் உழவனை இகழும் சைவர், அறியாமலே அவ்விகழ்ச்சிச் சொல்லைத் தம் வாயிற் கொள்கின்றனர். அவ்வுழவன் பயன்கருதித் தொழினும் தொழுகின்றான். கருதுவார் உள்ளத்து நின்று அருள்வான் ஒருவனே ஆதலின், அவ்வழிபாடு மேல்நிலைக்குப் படியாமன்றி இழுக்காகாது.

விழாநாள் வருவதும் போவதுமாக ஆண்டுகள் கழிகின்றன. அறிவர் கோயில் இப்பொழுது தொல்லியல் துறையின் காப்பிலே, காண்பார் வந்து செல்லும் இடமாய் நிற்கின்றது. பொய்கை உண்டு, பூசனை இல்லை. எழுதிய ஓவியத்தைக் காக்க அரசு அமையும். எடுக்கும் விழாவைக் காக்க எடுப்பாரன்றிப் பிறர் அமையார். விழாவின் பொருளை மறந்தவழித் திருமயிலையும் காட்சிப்பொருளே ஆம். ஆகலின் கார்த்திகை விளக்கை ஏற்றும்போதும் ஆதிரை நாளிற் பணியும்போதும், காணாதே போதியோ என்று என்பை நோக்கி எழுந்த வினா, கண் பெற்றிருக்கும் தத்தமக்கும் உரியதென உணர்ந்து அடியார்கள் விழாவயர்வாராக.

திருச்சிற்றம்பலம்.