உருவம் சொல்லும் ஊர்

பன்றியை அழகு என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். டாம்வர்த் பன்றியைப் பார்க்கும்வரைதான் அந்தச் சிரிப்பு. செம்பட்டை மயிர், விறைத்து நிற்கும் காது, நீண்டு நேரான மூஞ்சி. மரத்தடி மண்ணைக் கிளறி வேர் தின்பதற்கு அந்த மூஞ்சி. வெயில் தோலைச் சுடாமல் காப்பதற்கு அந்தச் செம்மயிர். பிரிட்டனின் மரபினங்களை ரசிக்க இதுவே வழி. உறுப்பைப் பார்த்தால் காரணம் தெரியும். காரணத்தைத் தேடினால் ஓர் ஊர் கிடைக்கும்.

க்ளாஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ், ஆப்பிள் தோப்புப் பன்றி. உதிர்ந்த பழங்களைத் தின்றே கொழுத்தது. வெள்ளை மேனியில் உள்ள கரும்புள்ளிகள், ஆப்பிள் விழுந்து கன்றிய காயங்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. இனச் சங்கத்தின் விதிப்படி ஒரு புள்ளியாவது இருந்தாக வேண்டும். கார்ன்வால், டெவன் பகுதிகளிலும் கிழக்கு இங்கிலாந்திலும் வளர்ந்த லார்ஜ் பிளாக் முழுக் கறுப்பு. அதன் பெரிய காதுகள் கண்ணை மறைத்துத் தொங்கும். பார்வை மறைவதாலோ என்னவோ பரம சாது.

செம்மறிகளில் என் முதல் மரியாதை, இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் மாவட்டத்து ஹெர்ட்விக்குக்கு. குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல். வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பலாகும். முகம் உறைபனி படிந்தாற்போல் வெளுத்திருக்கும். முரட்டுக் கம்பளி மழையையும் பனியையும் தாங்கும். இதன் பெரிய வித்தை உடம்பில் இல்லை, நினைவில் இருக்கிறது. வேலியே இல்லாத மலையில் தன் மந்தையின் எல்லை எது என்பதைத் தாயோடு மேய்ந்தே குட்டி கற்றுக்கொள்கிறது. மந்தையை விற்றுவிட்டு வேறு மந்தை வாங்கினால் அந்த அறிவு கூடவே வராது. குழந்தைக் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இதை அறிந்தவர். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு விட்டுச்சென்றார். மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளின் வட கோடியில் உள்ள நார்த் ரொனால்ட்சே தீவின் ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் கடற்கரை. விளைநிலத்துக்குள் அவை நுழையாதபடி 1832-இல் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார்கள். வெளியே தள்ளப்பட்ட ஆடுகள் கடற்பாசியைத் தின்றே வாழப் பழகின. அவை பசியாறும் நேரத்தைத் தீர்மானிப்பது கடலின் வற்றம். பாசி உணவில் உடம்புக்குச் சேரும் தாமிரம் குறைவு என்பதால், கிடைப்பதை விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் உடல்வாகு வந்துவிட்டது. இப்போது சாதாரணப் புல்லையே தொடர்ந்து தின்றால் தாமிரம் மிஞ்சி நஞ்சாகிறது.

இத்தனை நுட்பத்தையும் சந்தை மதிக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு நியமித்த ஹோவிட் குழு 1955-இல், பன்றி வளர்ப்பு செழிக்க லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், வெல்ஷ் என்ற மூன்று இனங்களே போதும் என்றது. நம் பண்ணைகளில் வெண் யார்க்‌ஷயர் என்ற பெயரில் நிற்பதும் அந்த லார்ஜ் ஒயிட்தான். அங்கே மெலிந்த இறைச்சிக்குக் கிராக்கி கூடியது. ஆட்டுக் கம்பளிபோல் சுருள்மயிர் போர்த்திய லிங்கன்ஷயர் கர்லி கோட் பன்றி கொழுப்பு மிகுந்தது என்று ஒதுக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் அடியோடு அற்றுப்போனது. 1973-இல் அரிய இனங்களைக் காக்கும் அறக்கட்டளை உருவானதால் மற்றவை தப்பின.

ஆனால் வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் எந்த விவசாயியும் பன்றி வளர்ப்பதில்லை. தட்டில் இடமிருந்தால்தான் பட்டியிலும் இடம். பிரிட்டனில் வாழ்கிறவர்களும் அங்கே போகிறவர்களும் இறைச்சிக் கடையில் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். புலால் உண்ணாதவர்கள் ஒரு ஹெர்ட்விக் கம்பளி விரிப்பு வாங்கலாம்.