படிவம் கேட்காத கேள்வி

வில்லா கேதரின் 'மை ஆன்டோனியா' (1918) நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நெப்ராஸ்காவின் ரெட் க்ளவுட் என்ற சிற்றூரைச் சொல்லாமல் விடுவதில்லை. கேதர் வளர்ந்த ஊர் அது. அவர் வசித்த வீடு, ரயில் நிலையம், வங்கிக் கட்டிடம், ஊருக்கு வெளியே ஆன்டோனியா பாத்திரத்துக்கு மூலமான அன்னா பாவெல்காவின் பண்ணை வீடு எல்லாம் இன்று காப்பாற்றப்பட்டு நிற்கின்றன. இதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. மில்ட்ரெட் பென்னட் என்ற ஆசிரியை உள்ளூர்க்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1955-ல் ஆரம்பித்த காரியம்.

சம்பளமில்லாமல் ஒரு காரியத்தை ஆண்டுக்கணக்கில் செய்கிறவர்களைச் சிறுபத்திரிகைக்காரன் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இத்தொண்டின் இலக்கிய விளைவு என்ன என்று கேட்டாக வேண்டும். இந்த அறைதான் அந்த அத்தியாயத்தில் வருவது என்று காட்டும்போது, நாவல் ஊரைச் சுற்றிப்பார்க்க உதவும் கையேடாகச் சுருங்கிவிடுகிறது. வாசகன் யாத்ரீகனாகிறான். யாத்ரீகன் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி நிலத்தைப் பற்றியது. லிங்கன் 1862-ல் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறுகிறவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருஷம் அங்கே வாழ வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழ வேண்டும். கட்டணமாகச் சில டாலர்களே. 1976-ல் சட்டம் ரத்தாகி, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. அதற்குள் சுமார் 16 லட்சம் பேருக்கு, 27 கோடி ஏக்கர் போயிருந்தது. பட்டா வாங்கும் முன் அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். வீட்டின் அளவு என்ன, எத்தனை ஏக்கர் உழுதான், எத்தனை நாள் வெளியூரில் இருந்தான் என்று படிவம் கேட்கும். நெப்ராஸ்காவின் அந்தக் கோப்புகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியதில் தன்னார்வலர்களின் உழைப்பும் உண்டு.

நாள் முழுவதும் சாட்சிக் கையெழுத்துகளைச் சரிபார்த்துப் பிழைக்கிறவன் நான். படிவம் பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் வாங்கிக்கொள்கிறது. உரிமை கோரியவன் இறந்தால் விதவை தொடரலாம் என்கிறது சட்டம். ஏன் இறந்தான் என்று கேட்பதில்லை. உனக்கு முன் இங்கே யார் இருந்தார்கள் என்பதற்கும் அதில் இடமில்லை. நெப்ராஸ்காவில் வாழ்ந்த பானீ மக்கள் 1870-களில் தெற்கே அனுப்பப்பட்டார்கள். ரெட் க்ளவுட் என்பதே ஒரு லகோட்டாத் தலைவரின் பெயர்தான். பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்ட தேசம்.

கேதரும் இதை அதிகம் பேசியவர் அல்ல. அது அவர் எழுத்தின் குறை. ஆனாலும் நாவலில் ஓர் இடம் வருகிறது. புல்வெளியில் இந்தியர்கள் குதிரையோட்டிய பெரிய வட்டத்தின் தடம், முதல் பனி லேசாக விழும்போது துலக்கமாகத் தெரிகிறது. சிறுவன் ஜிம் அதைப் பார்க்கிறான். விளக்கம் இல்லை, பச்சாதாபம் இல்லை. படிவத்தில் இடமில்லாத ஒன்று பக்கத்தில் பதிந்துவிட்டது. ஆன்டோனியாவின் தகப்பனின் தற்கொலையும் அப்படித்தான் பதிகிறது. சிருஷ்டி ஆவணத்திலிருந்து பிரியும் இடம் இதுவே.

ரெட் க்ளவுட்காரர்கள் செய்த காரியங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வீடுகள் அல்ல. ஊருக்குத் தெற்கே ஏர் படாத 612 ஏக்கர் புல்வெளி இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1974-ல் வாங்கியது, 2006-ல் கேதர் அறக்கட்டளையிடம் வந்தது. உழுதால்தான் நிலம் உனக்கு என்றது சட்டம். உழுதவர்களை நினைவுகூர வந்தவர்கள் உழாத நிலத்தைக் காக்கிறார்கள். இது முரண்பாடு என்று சிரிக்கலாம். நான் இதை நாவலின் மீதான நல்ல விமர்சனம் என்கிறேன். எது அழிந்தது என்று தெரியாமல் எது கட்டப்பட்டது என்று அறிய முடியாது.

ஆகவே தன்னார்வலர்களிடம் எதிர்பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் பக்தி அல்ல. படிவத்தை அட்டவணைப்படுத்துகிறவர், அது கேட்காமல் விட்ட கேள்வியையும் பக்கத்தில் குறித்து வைக்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் சாட்சியம் என்றால் கோப்புகளே போதும். கேதர் நாவல் எழுதியிருக்க வேண்டியதில்லை.