வலிப்பு நோயும் குருதிக் குறியும்: ஒரு விமர்சன நோக்கு

வலிப்பு நோயைக் குருதிப் பரிசோதனையொன்றினால் அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கையோடு வெளிவரும் ஆய்வுகள் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளன. புரத ஆக்கத்திற்குக் குறிமுறை வழங்காத ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளுள், நிர்ப்பீடனத்தோடு, அதாவது உடலின் நோயெதிர்ப்பாற்றலோடு, தொடர்புடையவை இதற்கான குறிகளாக முன்வைக்கப்படுகின்றன. இம்முயற்சியை ஆய்வுகூடத்தின் அளவுகோலால் மட்டுமன்றி, களுதாவளை போன்றதொரு கிராமத்தின் அளவுகோலாலும் மதிப்பிடுதல் வேண்டும்.

இவ்வாய்வுகளின் அடித்தளம் வலுவானது. புரதத்தை ஆக்காத சிறியதோர் ஆர்.என்.ஏ. வேறொரு மரபணுவின் செயலை அடக்குவதை, உருளைப்புழுவொன்றை ஆராய்ந்த விக்டர் அம்புரோசும் கேரி றவ்குனும் 1993 இற் காட்டினர். 2024 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையின் கடைநுதற்சோணையிலே தோன்றும் வலிப்பில் மைக்கிரோ ஆர்.என்.ஏ. 146ஏ மிகுந்திருப்பதை 2010 இல் எலியோனோரா அரோனிக்காவும் சகாக்களும் அறிவித்தனர். அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளுக்குக் கடிவாளமிடுவது அம்மூலக்கூறு. எனவே, வலிப்பை அழற்சியோடு பிணைந்த நிகழ்வாகவும் காணும் பார்வை வலுப்பெற்றது.

ஆயினும், மூளை இழையத்திற் கண்டதைக் குருதிக்கு ஏற்றிக் கூறுகையில் தர்க்கம் தளர்கிறது. நிர்ப்பீடனம் சார்ந்த மூலக்கூறுகளின் அளவைச் சாதாரணத் தொற்றும் மாற்றும். மாதிரியிற் செங்கலங்கள் சிதையினும் அளவீடு பிழைக்கும். பல ஆய்வுகள் சிறுதொகையினரையே கொண்டவை. நோயாளரைச் சுகதேகிகளோடு ஒப்பிட்டு அமைபவை. வைத்தியர் முன்னுள்ள வினாவோ வேறு: வந்திருப்பவர் மயங்கி விழுந்தவரா, உளத்தாக்கத்தால் துடித்தவரா, வலிப்பு நோயரா? இவ்வினாவிற்கு விடைதராத வேறுபாடு, புள்ளிவிபரத்தில் எவ்வளவு துலங்கினும், குறியாகாது.

களுதாவளை, கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்த, வெற்றிலைச் செய்கைக்குப் பெயர்பெற்ற ஊர். இத்தகைய ஊரில், தோணியிலோ கிணற்றடியிலோ அடுப்படியிலோ வரும் ஒருகணத் துடிப்பும் உயிராபத்தாகலாம். துடிப்பு அடங்கிய பின்னும் அடங்காதிருப்பது நோயின் பெயர். முயலகன் என்னும் வலிப்பைச் சம்பந்தர் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். தெய்வ அருளாலன்றித் தீராததாக இந்நோயைக் காணும் மரபு நெடியது. 'வலிப்புக்காரி' என்ற ஒரு சொல் பெண்ணொருத்தியின் திருமணத்தை மறிக்கும். பிழையான குருதிக் குறியோ அதே சொல்லை விஞ்ஞானத்தின் முத்திரையோடு வழங்கும். குறிசொல்பவனை நம்பாதிருக்கலாம், ஆய்வுகூடத் தாளை யார் மறுப்பார்?

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடையோர். அவருள் 80 சதவீதத்தினர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் வாழ்வோர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. உரியவாறு நோயறிந்து மருந்தளிப்பின் 70 சதவீதம் வரையினர் வலிப்பின்றி வாழலாம் என்றும் அது கூறும். இதற்குக் கைகொடுக்கும் பினோபாபிற்றோன் 1912 முதல் கையாளப்படும் மலிவான மருந்து. ஆகவே, முதன்மையான தடை குருதிக் குறி இல்லாமையன்று. கண்டவரின் வாய்மொழியைப் பொறுமையோடு கேட்கும் வைத்தியர், மூளை மின்னலை வரைவு, இடையறாத மருந்து ஆகியன கிராமத்தவரின் கைக்கெட்டாமையே தடை.

இதனால் ஆய்வு வேண்டாவென்பது கருத்தன்று. இங்குள்ள வெளிநோயாளர் பிரிவுகளுக்கு மயங்கியும் துடித்தும் வருவோரிடையே சோதிக்கப்பட்டு, வைத்தியரின் ஒரு தீர்மானத்தையேனும் திருத்தும்போதே அது குறியெனத் தகும். அதுவரை அது ஆய்வாளரின் எதிர்பார்ப்பே. அதன் விலையை நோயுற்றவர் செலுத்தலாகாது.