டேஸ்16 வாதமும் ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்பும்

யூனிகோடில் தமிழுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 247 எழுத்துக்கு 128 இடம்தானா என்பது முதல் குற்றச்சாட்டு. இதற்கு மாற்றாக, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்16 வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது ஒத்துவராத இடத்தில் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15 பைட். டேஸ்16-இல் மூன்றே எண், 6 பைட். வரிசையும் அப்படித்தான். குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ந-வை அடுத்து ன வந்து நிற்கும், க்-க்கு முன்னால் க வரும். எந்தத் தமிழ் அகராதியும் அப்படி இல்லை. நீளம் கேட்டால் நிரல் ஐந்து என்கிறது, எரிச்சலாத்தான் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் நிரலில் தீர்க்கக்கூடியவை. அடுக்குவதற்கு வரிசை அட்டவணை உண்டு, எழுத்து எண்ணுவதற்கு நூலகம் உண்டு. இட மிச்சம் என்ற வாதம் இன்றைக்கு எடுபடாது. ஒரு கைப்பேசிப் படம் பிடிக்கிற இடத்தில் பல தமிழ் நூல்களைப் போட்டுவிடலாம். அதோடு, டேஸ்16 எண்களை யூடிஎஃப்-8-இல் எழுதினால் அவற்றுக்கும் தலா 3 பைட்தான். மிச்சம் 15-க்கு 9, அவ்வளவே.

க-வை அடிப்படையாக வைத்து க்-ஐப் பிறப்பிப்பது இலக்கணத்துக்கு எதிர் என்கிறார்களே, அதுவும் எனக்கு ஒப்பவில்லை. குளத்தூர் வட்டத்து நார்த்தாமலை போன்ற ஊர்களில் கல்வெட்டு படிப்பவர்களுக்குத் தெரியும், பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். கல்லில் வெட்டிய வடிவம் வேறு, வாசிக்கும் ஒலி வேறு. கோப்பிலும் சேமிக்கிற வரிசை இலக்கண நூல் ஆக வேண்டியதில்லை.

டேஸ்16-இன் உண்மையான கோளாறு வேறு இடத்தில். அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்கே எந்த எண் எதைக் குறிக்கும் என்று உலகப் பொது ஒப்பந்தம் எதுவும் இல்லை, யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம். வெறும் டெக்ஸ்ட் கோப்போ தன் நெற்றியில் எதையும் எழுதிக்கொண்டு வருவதில்லை. உள்ளே இருப்பது பைட் வரிசை மட்டும். எந்த அட்டவணையால் படிக்கணும் என்ற தகவல் கோப்புக்கு வெளியே, ஆட்களிடம் இருக்கிறது. ஆள் போனால் தகவலும் போச்சு.

இதை நாம் ஒருமுறை பட்டாச்சு. டிஸ்கி காலத்துக் கோப்பை இன்று சும்மா திறந்தால் "தமிழ்" நான்கு பைட்டாக, முக்கால் பின்னக் குறியும் கோடு போட்ட ரோமன் எழுத்தும் சென்ட் குறியுமாகத் தெரியும். த-வின் இடத்தில்தான் அந்த முக்கால். டிஸ்கிக்காவது பெரிய பயனர் கூட்டம் இருந்தது, மாற்றிகள் எழுதினார்கள், மதுரைத் திட்ட நூல்கள் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தன. அதே ஆபத்தில் அரசு ஆவணங்களைப் புதிதாக மாட்டிவிட வழி திறந்த ஆணை என்றுதான் 2010 ஆணையை நான் வாசிக்கிறேன்.

யூனிகோடைக் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு நல்ல காரணம் இருக்கு. "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடல் ஒன்றைக் கண்டுபிடித்து மற்றதை விட்டுவிடும். "கொடை" என்று ஒரு தொகுப்பில் தேடி, எத்தனை முறை வருகிறது என்று கட்டுரையில் எண் போடுகிறவர்கள், கோப்பை முதலில் ஒருமைப்படுத்தினார்களா என்று சொல்வதே இல்லை.